சிடி டிரைவில் கேட்ட உரசல்

வெள்ளையடித்து முடித்து கம்ப்யூட்டரை மறுபடி மேசைக்குக் கீழே வைத்த நாளிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தகரத்தை நகத்தால் பிறாண்டுவது போன்ற சத்தம். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தனசேகருக்குப் பிடிபடவில்லை. பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குரோம்பேட்டையிலிருந்து மெக்கானிக் அக்தரை அஸ்தினாபுரம் வீட்டுக்கு வரவழைத்தான்.

அக்தர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினான். ஒயர் எதுவும் ஃபேனில் இடிக்காதபடி ஒதுக்கிக் கட்டினான். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹார்ட் டிஸ்க்கில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டான்.

"இது நல்லா கீது சார். சத்தம் வர்றப்போ இன்னா பண்ணிகினு இருப்பீங்க?"

தனசேகர் யோசித்தான். அவன் மனைவி ஜெயப்ரியாதான் பதில் சொன்னாள். "பாப்பா சிடி போட்டுப் படிக்கும்போதுதான் வருதுன்னு நினைக்கிறேன்."

அக்தர் ஒரு சிடியைப் போட்டான். உடனே கரகரவென்று கேட்டது. நிறுத்திவிட்டு, சிடி டிரைவை வெளியே உருவிக் காதருகே குலுக்கினான். உள்ளே ஏதோ ஆடியது. நாலு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். தட்டுக்குப் பின்னால், குறுக்காகச் செருகியபடி ஒரு சிடி கிடந்தது.

"இடம் பத்தலைன்னு பெட்டியைப் படுக்கப் போட்டுக்கிறீங்க இல்ல, அதான் சார். டிரைவ் செங்குத்தா நிக்குது. கிளிப்ல சரியா மாட்டலைன்னா சிடி வழுக்கிப் பின்னாடி பூந்துடும். இத்தினி நாள் சும்மா கெடந்துட்டு, பெட்டியைத் தூக்கி வெச்சதுல நகர்ந்துட்டிருக்கும்." அக்தர் அதை எடுத்து நீட்டினான்.

நீல மையில் 'தங்கச்சி கல்யாணம்' என்று எழுதியிருந்தது. ஏசுபாதத்தின் கையெழுத்து.

தனசேகருக்குக் காது மடல் சுட்டது.

ஏசுபாதம் அவனோடு கிண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். போன வருடம் அவருடைய தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்து, படங்களைப் பார்த்துவிட்டுத் தருவதாக அந்த சிடியை வாங்கி வந்தான். டிரைவில் போட்ட நேரம் கரண்ட் போய்விட்டது. ராத்திரி தட்டைத் திறந்தபோது அதில் ஒன்றும் இல்லை. எடுத்து வைத்துவிட்டோம் என்று நினைத்தான், அப்புறம் மறந்தே போனான்.

இரண்டு மாதம் கழித்து ஏசுபாதத்தின் அப்பா இறந்துபோனார். அவர் கடைசியாக நன்றாக இருந்தபோது எடுத்த படங்கள் அந்தக் கல்யாணப் படங்கள்தான். எடுத்த ஸ்டுடியோவிலும் அழித்துவிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் ஏசுபாதம் சிடியைக் கேட்டார். உடன் நாலு பேர் இருந்தார்கள். வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அதை அப்பவே அண்ணி கையில குடுத்துட்டேனே. நல்லா ஞாபகம் இருக்கு. பச்சைச் சேலை கட்டியிருந்தாங்க" என்றான்.

பச்சைச் சேலை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. சொன்ன பிறகு அது உண்மை என்றே தோன்றிவிட்டது. ஏசுபாதத்தின் மனைவி வீடு முழுக்கத் தேடியதாக ஒருநாள் காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஏசுபாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்தர் அந்த சிடியைத் துடைத்துத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். நிறையக் கீறல். நாற்பது படங்கள் போலத் தேறின. அவற்றை வேறொரு சிடியில் எழுதிக் கொடுத்தான்.

அவன் போன பிறகு தனசேகர் மெல்ல ஆரம்பித்தான். "அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சுன்னு சொல்லிடலாமா?"

"எந்த அலமாரிக்குப் பின்னாடி? நம்ம வீட்டு அலமாரியா, அவங்க வீட்டு அலமாரியா?" என்று கேட்டாள் ஜெயப்ரியா. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மாடம்பாக்கத்துக்குப் போனான். கதவைத் திறந்தது ஏசுபாதத்தின் மனைவி. அவர் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். தனசேகர் உட்காராமல், இரண்டு சிடிகளையும் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னான். கொடுத்ததாகச் சொன்னது பொய் என்றும் சொன்னான்.

அண்ணி சிடிகளை வாங்கிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஒரே ஒரு பச்சைச் சேலைதான் தம்பி இருக்கு. நீங்க அதைச் சொன்னதாலதான் இவரும் நம்பிட்டாரு. நான் வாங்கவே இல்லன்னு எத்தனையோ தடவை சொன்னேன். மறதி ஜாஸ்தியாயிடுச்சு உனக்குன்னாரு. கடைசியில எனக்கே சந்தேகமாயிடுச்சு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"அவர் வரட்டும். நீங்களே உங்க வாயால சொல்லுங்க. எனக்கு அது போதும்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஏசுபாதம் வந்து, பைபிளை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "இதுல அப்பா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒம்போது படத்துல இருக்காரு. ரெண்டு பாதிதான் வருது."

ஏசுபாதம் தலையாட்டிவிட்டு சமையலறைக்குள் அண்ணியிடம் போனார். பிறகு அவர் குரல் தணிந்து ஏதோ சொன்னது. அண்ணி அழுவது கேட்டது. தனசேகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

மறுநாள் மதியம், அதே நாலு பேர் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தனசேகர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். சிடி தன் வீட்டிலேயே இருந்ததை, பச்சைச் சேலையைத் தான் கற்பனையாகச் சொன்னதை, எதையும் விடவில்லை. ஒருவர் ஊறுகாயை எடுத்துத் தரச் சொன்னார்.

ஏசுபாதம் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார்.

"நீ இங்க சொன்னதை வீட்ல அவகிட்ட சொல்றேன்" என்றார்.