குறுக்கே போன கோடு

ஆபீஸில் அவனுக்கு அடிஸ்கேல் என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பெட்டியோடு சேர்கிறது என்று படம் வரைவது அவன் உத்தியோகம். பெட்டிக்கு ஒரு கட்டம், ஒயருக்கு ஒரு கோடு, தனக்குத் தெரியாததற்கெல்லாம் ஒரு மேகம். மேகம் நிறையவே இருந்தது. ஒயரைக் கையால் தொட்டவனில்லை.

அன்று மத்தியானம் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். படம் அவர்களுக்குப் பிடித்தால் பிரிவுத் தலைவர் நாற்காலி அவனுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று. ஆனால் மாடியிலுள்ள புகார் அறைக்குப் போகும் கோடு மற்றக் கோடுகளை வெட்டிக்கொண்டு போய் அழகைக் கெடுத்தது. எப்படித் திருப்பிப் போட்டாலும் வெட்டியது. அழித்துவிட்டான்.

மேனேஜர் சும்மா இருப்பாரா? படமும் கையுமாக இயந்திர அறைக்குள் நுழைந்து சரிபார்த்தார்.

"இது என்னய்யா, படத்துல இல்லாத ஒயர்?"

அங்கே ஒயர்மேன் அடிஸ்கேலின் பெண்டாட்டிக்கு அண்ணன். "எனக்கென்ன தெரியும் சார்? வரைஞ்ச புண்ணியவான் இங்கதான நிக்கிறாரு. மாப்ள, புடுங்கவா?"

வாயைத் திறந்தால் நாற்காலி போச்சு. அடிஸ்கேல் கூரையைப் பார்த்தான்.

"படத்துல இல்லன்னா வேண்டாத ஒயர்தான், புடுங்கு," என்றார் மேனேஜர். மச்சான் பிடுங்கினான்.

"இன்னைக்கு ஒரு புகார்கூட வரல பாத்தியா," என்று ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் பூரித்துக்கொண்டிருந்தபோது, புகார் அறை அம்மாள் இறங்கி வந்து, தன் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறதென்று எல்லாரையும் கிழி கிழியென்று கிழித்தாள்.

"யாருய்யா புடுங்கச் சொன்னது?" என்றார் மேனேஜர், கூசாமல்.

"மச்சான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் அடிஸ்கேல், அவரைவிடக் கூசாமல்.

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒயரை மறுபடி செருகினான். படத்தில் இல்லாத ஒயர் சுவரில் பல்லை இளித்தது. திருத்த நேரமில்லை, வாசலில் கார் வந்துவிட்டது. அடிஸ்கேல் படத்தையே அந்த ஒயர்மேல் ஒட்டினான்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பெட்டிகளைப் பார்த்தார்கள். ஒரு தாளைத் தூக்கிப் பார்க்க அவர்களுக்கு விரல் இல்லை. "இவ்வளவு சுத்தமான படத்த நாங்க எங்கயும் பாத்ததில்ல," என்றார் அவர்களில் மூத்தவர். நாற்காலி கிடைத்துவிட்டது.

மச்சான் ஏணியை மடக்கினான். "இத்தனை நாளா உங்க தொழில வெட்டி வேலைன்னு பேசிட்டேன் மாப்ள. ஒயர மூடவாச்சும் உதவுதே."

புதிய தலைவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.