மேகம் வந்தால் வேலை இல்லாதவன்

என் வருங்கால மாமனாரின் சட்டையில் சூரியனைக் கொண்டு ஓட்டை போட்டவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் வானாய்வகத்தில் அன்று பார்வையாளர் நாள். பெரிய தொலைநோக்கிக்கு முன்னால் சூரிய வடிகட்டியை ஒழுங்காக மாட்டியிருந்தேன். குறிபார்ப்பதற்காக அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டித் தொலைநோக்கிக்கு மூடி போடத்தான் மறந்துவிட்டேன். அவர் குனிந்து சூரியப் புள்ளிகளை ரசித்துக்கொண்டிருக்க, குட்டி தன் பங்குக்கு வெயிலைத் திரட்டி அவர் தோளில் இறக்கியது.

"தம்பி, ஏதோ கருகுது."

"சூரியன்தான் சார்," என்றேன். பதற்றத்தில் அவ்வளவுதான் வந்தது.

அவர் தையல்காரர். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "வட்டம் சுத்தமா வந்திருக்கு. இடம்தான் தப்பு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வந்தது சூரியனைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. அவர் மகள் சரிவுக்குக் கீழே ரேடியோ தொலைநோக்கியில் பொறியாளர். கல்யாணப் பேச்சை எடுத்தால் அவள், "அப்பா உங்கள ஒரு தடவை பாக்கட்டும்" என்பாள். அப்பாவுக்குப் போன் போட்டால், "அவ என்ன சொல்றாளோ அதான்" என்பார். இருவருக்கும் நடுவில் நான் பந்தாகிக் கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேகம் திரண்டது. கூரையை மூடினேன். என் கடை அத்தோடு சரி. மேகத்துக்கு மேலேயே போய்ச் சுற்றும் விண்வெளித் தொலைநோக்கிகள் கொடுத்துவைத்தவை. அவற்றுக்கு மழையும் இல்லை, மாமனாரும் இல்லை.

வேறு வழியில்லாமல் அவரைக் கீழே கூட்டிப்போனேன். ரேடியோ அலையைக் கெடுக்குமென்று வாசலிலேயே எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மழையில் நனைந்தபடி அந்தப் பிரமாண்டத் தட்டு வானத்தைப் பார்த்திருந்தது. உள்ளே அவள் திரையைப் பார்த்திருந்தாள்.

"இதுல கண்ணை எங்கம்மா வைக்கணும்?" என்றார் அப்பா.

"கண்ணே வேணாம்ப்பா. விண்வெளியில இருக்கிற வாயுலேர்ந்து வர்ற ரேடியோ அலையை அந்தத் தட்டு வாங்கிக்கும். கம்ப்யூட்டர் படமாக்கும். இதைப் பாருங்க, ஒரு விண்மீன் மண்டலம். நடுவுல இருக்கிற இந்தச் சின்ன வட்டம்தான் இவரோட தொலைநோக்கிக்குத் தெரியறது. சுத்தி இவ்வளவு தூரத்துக்கு வாயு பரவியிருக்கு."

"அப்போ தம்பி பாத்தது கொஞ்சம்தானா?"

"நட்சத்திரம் எல்லாம் என் பக்கம்தான் சார்," என்று மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "மழையிலயும் உனக்கு வேலையா?"

"பெரும்பாலும் உண்டுப்பா. பகல்லயும் உண்டு."

"இவருக்கு வானம் தெளிஞ்சாதான் வேலை. அதுவும் ராத்திரியில. ரெண்டு பேரும் எப்பதான் மூஞ்சியப் பாத்துப்பீங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது.

"மேகம் வந்தா நான் இங்க வந்துடுவேன் மாமா." மாமா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வந்து? இவ வேலையக் கெடுப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "கெடுக்க மாட்டார்ப்பா. மேகம் வர்ற அன்னிக்கெல்லாம் சோத்துப் பாத்திரத்தோட வந்து, அந்த மூலை நாற்காலியில வாயத் திறக்காம உக்காந்திருப்பார். நான் சாப்பிட்டாதான் அவரும் சாப்பிடுவார்."

அவர் மூலை நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவரு? வாயத் திறக்காம?"

"எனக்கே ஆச்சரியம்தான்ப்பா."

இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது. "உன் அப்பா என்னைப் பாத்தாச்சு. தோள் கருகற வரைக்கும் பாத்தாச்சு. இப்பவாவது நேரா ஒரு வார்த்தை சொல்லேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"சம்மதம். கட்டிக்கலாம்."