தறி நின்றால் நிற்கிற வசனம்

…இல்லை, சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும், வேறு என்ன, தறி ஓடுகிற வரையில் வசனமும் ஓடுகிறது, தறி நின்றால் பையன் வாயும் நின்றுவிடுகிறது, காலையிலிருந்து நாலு தடவை பார்த்தாகிவிட்டது. பாவில் ஓர் இழை அறுந்து நான் மிதியிலிருந்து காலை எடுத்தபோது மேய்ப்பர் என்ற சொல் வரைக்கும் வந்திருந்தான், அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். மேலே சொல்லுடா என்றேன். கையிலிருந்த, நூல் சுற்றுகிற காலித் தார்க்குச்சியை வாயில் வைத்துக்கொண்டான். மூன்று வயசு மூன்று மாசம். நாளைக் காலையில் சர்ச்சில் அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு இவன் அந்த பைபிள் வசனத்தைச் சொல்ல வேண்டும், அங்கே தறிக்கு எங்கே போவது… இவன் அம்மா சுகாசினி, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வர இரண்டு மணி ஆகும், அதற்குள் தறி ஓடாமல் ஒரே ஒரு தடவையாவது இவன் முழுசாகச் சொல்லிவிட்டால் போதும்.

அவளும் தயங்கித்தான் கேட்டாள். எனக்கு இந்த மாசம் பூரா காலை ஷிப்ட்டு, நீங்கதான் அவன்கூட இருக்கிறீங்க, நெய்யும்போது சும்மா சொல்லிக்கினே இருங்க, அவனே புடிச்சிக்குவான் என்றாள். கேட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்தாள், அதில் திருநீறு இருந்தது, எப்போதும் இருப்பதுதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசிக்கொண்டோம், உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு, இதில் சண்டை கூடாது என்று. சண்டை வந்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கொண்டுபோய் விடுவேன், எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பேப்பர் படிப்பேன், பாட்டெல்லாம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவேன், நாலு வருஷமாக இதுதான் பழக்கம். உள்ளே வா என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. போன வாரம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், வசனம் சொல்ற புள்ளைங்களோட அப்பா அம்மா முன்னாடி வரிசைல உக்காரணுமாம், ஒரு நாளைக்கு உள்ள வரீங்களா என்று. அதுக்கென்ன, வரேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரே துண்டை இரண்டு தடவை பிரித்து இரண்டு தடவை மடித்தாள். எத்தனை ஞாயிறு அங்கே பொம்பளைகள் அவளிடம் கேட்டிருப்பார்கள், உங்க வீட்டுக்காரர் வரலையா என்று, என்ன பதில் சொல்லியிருப்பாள், ஒரு நாளாவது என்னிடம் சொன்னாளா… அதனால் நாளைக்குப் பையன் திக்கி நிற்கக்கூடாது, நான் உள்ளே போகிற முதல் நாளிலேயே நிற்கக்கூடாது.

பிறப்புச் சான்றிதழில் இவன் பெயர் ஜோசுவா விக்ரம். அவள் ஜோசுவா என்பாள், நான் விக்ரம் என்பேன், அவன் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பான், அவனுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. வசனம் என்னவோ சின்னதுதான், முன் பாதியில் மேய்ப்பர் வருகிறார், பின் பாதியில் தாழ்ச்சி என்று ஒரு வார்த்தை வருகிறது, போதாததற்கு இந்த வசனம் எந்த அதிகாரம், எத்தனாவது என்று விலாசம் வேறு சேர்த்துச் சொல்ல வேண்டும். மேய்ப்பர்னா யாருப்பா என்றான். ஆடு மேய்க்கிறவரு. எங்க ஆடு? எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆட்டுக்கா பஞ்சம், சுவரொட்டியைத் தின்றுகொண்டு ஒன்று வாசலிலேயே நின்றது, காட்டினேன், அதிலிருந்து வசனம் ஆரம்பிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறான். இந்தச் சேலைக்குத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைக்கரை கிடையாது, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டியதில்லை, அந்த இடத்தில் பாயைப் போட்டு இவனை உட்கார வைத்தேன். ஊடை நூலோடு நாடா இந்தப் பக்கம் வந்தால் ஒரு சொல், அந்தப் பக்கம் போனால் ஒரு சொல். நாலே நாளில் பிடித்துக்கொண்டான். என் அப்பா தறியில் உட்கார்ந்தால் பதிகம் பாடுவார், எனக்கென்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, காதில் விழுந்தே வந்துவிட்டது. அதில் ஒரே ஒரு வரியை, சுகாசினி இல்லாத நேரமாகப் பார்த்து, இவனுக்குச் சொல்லிப் பார்த்தேன், போன ஆடி மாசம், பத்து நாள் சொன்னேன், ஒட்டவே இல்லை. இது மட்டும் நாலு நாளில் ஒட்டிக்கொண்டது. வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா, சொன்னால் அவளே அந்தப் பதிகத்தைக் கற்றுக்கொண்டு பையனுக்குச் சொல்லித்தருவாள், அப்படிப்பட்டவள்.

சத்தம்தான் என்றால் சத்தத்தைக் கொடுத்துப் பார்ப்போமே என்று தறியை நிறுத்திவிட்டுப் பலகையை விரலால் தட்டினேன், டொக் டொக், சொல்லுப்பா. அவனும் தட்டினான், அவ்வளவுதான். தறிச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து போட்டுக்காட்டினேன், போனைப் பிடுங்கிக்கொண்டு பொம்மைப் படம் கேட்டான். நாளைக்கு மைக் முன்னால் நான் போனை வைத்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. சரி போ என்று மறுபடி மிதித்தேன், இரண்டு ஊடை போவதற்குள் அவனே ஆரம்பித்து, மேய்ப்பர், தாழ்ச்சி, விலாசம் எல்லாம் சொல்லி முடித்து, கையும் தட்டிக்கொண்டான்.

அப்புறம் இன்னோர் இழை அறுந்தது. இந்தத் தடவை அச்சுக்குப் பின்னால், எட்டாத இடம், பாவுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு முனையைத் தேடினேன். தறி ஓடவில்லை. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். பின்னாலிருந்து பையன் குரல் கேட்டது, மெதுவாக, யாருக்கோ கதை சொல்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் தப்பாமல்… அப்படியென்றால் சத்தம் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், தலையை வெளியே இழுத்து அவன் பக்கம் திரும்பி, இன்னொரு தபா சொல்லுடா கண்ணு என்றேன். என் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். நான் சிரித்துத்தானே கேட்டேன்? நெய்யும்போது நான் சேலையைப் பார்க்கிறேன், தறி நின்றால்தான் அவனைப் பார்க்கிறேன்… காலையிலிருந்து நாலு தடவையும் அப்படித்தான். போனை எடுத்தேன், செல்ஃபி எடுக்கிற பக்கமாகத் திருப்பிவைத்து அந்த வசனத்தை நானே சொன்னேன். உதடு சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கண்தான்… நெய்த சேலையை நெசவாளர் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் வெளிச்சத்தில் விரித்து எங்கே குறை என்று தேடுவாரே, அந்த ஆள் கண். இந்த முகத்தையா இத்தனை நாளாகப் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்? நான் மனசாரத்தானே சொல்லிக்கொடுத்தேன், சுகாவுக்காக, அவள் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்று. மனசாரத்தான். அப்படித்தான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே காலுக்கு அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பையன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு வசனத்தை ஆரம்பித்துவிட்டான். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக் கேட்டாள். மேய்ப்பர் வரைக்கும் வந்தவன் என்ன தோன்றியதோ திரும்பி என்னைப் பார்த்தான், நின்றுவிட்டான். என்னடா கண்ணு, மறந்துட்டியா என்றாள். நான் சட்டென்று தறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அறுபடாத இழையைப் பிடித்து முடிச்சுப் போடுவதுபோல நின்றேன். முதுகுக்குப் பின்னால் தாழ்ச்சி வந்தது, விலாசம் வந்தது, அவள் முத்தம் கொடுக்கிற சத்தம் வந்தது. என்னாங்க, நாலு நாள்ல எப்படி ரெடி பண்ணீங்க என்றாள். அவன்தான் புடிச்சிக்கினான் என்றேன். நாளைக்கு அந்த வெள்ளச் சட்டைய போட்டுக்கோங்க, அவனுக்கு நேர் எதிர்ல உக்காந்துக்கோங்க, அப்பா மூஞ்சியப் பாத்தா பயப்படாம சொல்லுவான் என்றாள். சரி என்றேன், பாவைப் பார்த்தபடியேதான் சொன்னேன். இப்போதே சொல்லிவிடலாமா, நான் வழக்கம்போல டீக்கடையிலேயே இருக்கிறேன் என்று… சொன்னால் துண்டை மடித்த அந்தக் கைகள் என்ன செய்யும்? சொல்லாமல் போய் உட்கார்ந்தால் பையன் மைக்குக்கு முன்னால் என்னைப் பார்ப்பான், நிறுத்துவான். பயந்துகொண்டு நிறுத்துகிறான் என்றுதான் இதுவரைக்கும் நினைத்தேன். சற்று முன் வாசலில் திரும்பிப் பார்த்தானே, அந்தப் பார்வையில் பயம் இல்லை. பாலாடையை வழித்துத் தின்னும்போது நானும் கேட்பேனோ என்று நிமிர்ந்து பார்ப்பானே, பார்த்துவிட்டுக் கரண்டியை என் பக்கம் நீட்டுவானே, அந்தப் பார்வை. என் கண்ணில் அந்தப் பதிகத்து வருத்தத்தைப் பார்த்து இவன் எனக்காகத்தான் நிறுத்துகிறானோ?