நாற்பது நாளில் வெளுத்த மீசை

“மருந்துல ஏதோ கோளாறு. பெரிய டாக்டர் வந்து பதில் சொல்லட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்” என்று மூத்தவன் மருத்துவமனை வராந்தா அதிரக் கத்திக்கொண்டிருந்தான். இளையவன் பக்கத்தில் நின்று ஒத்து ஊதினான். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் கைப்பையை அணைத்தபடி விட்டத்தைப் பார்த்தாள். அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆண்பிள்ளைகள் இன்னும் அழவில்லை. மீசைதான் பேச்சு.

பேசாமல் என்ன செய்வார்கள்? லாரி ஷெட்டில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவருக்கு மீசைக்காரர் என்றுதான் பெயர். தலை பளபளவென்று வழுக்கை. மீசை மட்டும் அறுபத்தெட்டு வயதிலும் கரிக்கட்டை. நாற்பது நாள் ஆக்சிஜன் முகமூடிக்குள் கிடந்தார். இன்று காலை அதைக் கழற்றினால், மீசை வெள்ளைப் பஞ்சு.

எங்கள் வம்சத்திலேயே நரை கிடையாது என்று மூத்தவன் நர்ஸுக்கு விளக்கினான். பாவம், அவள் எத்தனையோ புகார் கேட்டவள், இதைக் கேட்டதில்லை.

மகளுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. நரை கிடையாதாம்! இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் அந்த மீசைக்குச் சாயம் பூசியவள் அவள். பதினேழு வருஷம். முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாள் என்று வீட்டில் பேச்சு. சாயம் பிடிக்கும் வரை அவரால் வாயைத் திறக்க முடியாது என்பது ஒன்றுதான் அவளுக்கு லாபம். அந்த மனிதர்தான், முகத்தில் க்ரீம் தடவினான் என்று இளையவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். “ஆம்பளைக்கு எதுக்குடா பூச்சு? சோப்பும் தண்ணியும் போதாதா?” என்பார். அப்போதும் மேலுதட்டில் சாயம் கழுவிய ஈரம் இருந்தது.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது சொன்னால் மீசைக்காரர் ஊர் வாயில் சாயக்காரர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் இந்த இரண்டு பேரும் அவரை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கடைசி மூன்று நாளும் அவர் விரலைத் தூக்கி முகமூடியின் மேல், உதட்டுக்கு நேராகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தாகம் என்று நினைத்து நர்ஸ் உதட்டை நனைத்துவிட்டாள். மகளுக்குப் புரிந்தது. சாயப் பொட்டலம் கைப்பையிலேயே இருந்தது. “இப்ப இதுதான் ரொம்ப முக்கியமாப்பா? நாளைக்குப் பாக்கலாம்” என்றாள். அது நேற்று.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்கண்ணே. முகத்தைத் துடைச்சு விடணும்” என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் என்றது அரை மணி நேரம் ஆயிற்று.

திறந்தபோது மீசை பழையபடி கரிக்கட்டை. மூத்தவன் குனிந்து, மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தான். “பாத்தியாடா, நாப்பது நாளா மூஞ்சியக்கூடக் கழுவி விடல. மருந்து படிஞ்சு கெடந்திருக்கு” என்று தம்பியிடம் சொல்லி, நர்ஸை முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

அதுவரை வராந்தா மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து உள்ளே போய், அவர் உதட்டோரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள்.

“இடது பக்கம் எப்பவும் வழிய விட்டுடுற” என்றாள், மகளுக்கு மட்டும் கேட்கும்படி.

மறு வருஷம் இளையவன் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான்; இப்போது க்ரீம் பூசுகிறானா, தெரியவில்லை. மகள், தலை முழுக்க நரைத்த ஒரு தபால்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் குடியேறினாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று தெரு சிரித்தது. மூத்தவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தங்கையைப் பார்க்கப் போய்விடுகிறான். என்ன பாசம் என்று அதே தெரு மெச்சுகிறது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக் கொடியில் ஒரு பழைய துண்டு காயும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை.