கணினியின் நெற்றி

"இதுக்கு நெத்தி எங்கம்மா இருக்கு?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

அன்று ஆயுத பூசை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் தன் லோரியின் முன்கண்ணாடியில் பொட்டு வைத்துவிட்டு, விரலில் மிச்சச் சந்தனத்தோடு என் கணினி முன் நின்றார். நான் சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில்கூட நான் அதிகம் பேசமாட்டேன். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பள்ளியை நிறுத்தியதும், தோட்ட அலுவலகத்தில் கழித்துப்போட்ட அந்தக் கணினியைக் கேட்டு வாங்கி வந்தவர் அவர்தான். அதில்தான் மறுபடியும் பாடம் படிக்கிறேன். போன வாரம் அதன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. அப்பா லுக்குட் டவுனில் கிரிதரன் கடையிலிருந்து புதியது வாங்கி வந்தார். பை பிரிந்திருந்தது, கடையில் பிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மாட்டினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. திரையில் மட்டும் அதன் பெயர் வரவில்லை. ஒயரை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். கணினிக்கு அது தெரியவேயில்லை.

"அப்பனும் மகளும் மடியில போட்டுத் தாலாட்டுங்க, முழிச்சிக்கும்," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா மோட்டர் சைக்கிள் சாவியை எடுத்தார். "டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டான்லா அந்தக் கிரிதரன். கழட்டிக் குடும்மா. கடையில நாலு பேர் முன்னாடி கேக்கறேன்."

"கொஞ்சம் இருங்கப்பா."

கழற்றியபோது டிஸ்க் இளஞ்சூடாக இருந்தது. சந்தனம் மணத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒயர் செருகும் பள்ளத்தில், பொன்னிறக் கம்பிகளின் மேல், மஞ்சளாகக் காய்ந்திருந்தது. எனக்குத் தெரியாமல் அப்பா அதைச் சாமி மேடையில் வைத்து எடுத்திருக்கிறார். நான் சொல்லாத நெற்றியை அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதை அப்படியே கடை மேசையில் வைத்திருந்தால், கிரிதரன் லுக்குட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். ஒயர் முனையையும் துடைத்தேன்.

"என்னம்மா அது?"

"தூசிப்பா."

காயவிட்டு, மாட்டி, பொத்தானை அழுத்தினேன். திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"வந்துருச்சா? அப்ப கிரிதரன் தப்பிச்சான்," என்றார் அம்மா.

நான் சாமி மேடையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். பெட்டியின் முன்பக்கம், பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு பொட்டு வைத்தேன்.

"நெத்தி இங்கப்பா," என்றேன்.

அப்பா பொட்டைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். அதன் மயிரில் மஞ்சள் ஒட்டியிருந்தது. மோட்டர் சைக்கிள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு லோரியை நோக்கி நடந்தார்.