இன்னொரு சரணம்

விரிந்து மூடுகிறது, மீனின் செவுள் போல, மவுத் ஆர்கனுக்குப் பின்னால் என் வலக்கை, மூடும்போது சுரம் தண்ணீருக்குள் போகிறது, விரியும்போது மேலே வந்து மூச்சு விடுகிறது, அந்த நடுக்கத்தில் மிதந்தபடியே கண் விழிக்கிறேன், மவுத் ஆர்கன் தலையணைக்கு அடியில் இருக்கிறது, வலக்கைதான் இல்லை, முழங்கைக்கு மேலேயே முடிந்துபோகிறது, ஆனாலும் இல்லாத விரல்கள் விரிந்து மூடிக்கொண்டுதான் இருக்கின்றன, இதை என் மனைவி செண்பகத்திடம் நான் சொன்னதில்லை, எதைத்தான் சொன்னேன். கச்சேரி முடிந்து கோவில்பட்டிக்குத் திரும்புகிற பேருந்து, டிரைவர் பக்கத்து ஜன்னல், கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று எழுதிய இடத்துக்கு நேர் கீழே கையை வெளியே போட்டுத் தூங்குகிறேன், வாசித்துக் களைத்த கைக்குக் காற்று இதமாக இருக்கிறது, எதிரே வந்த லாரி நினைவில் இல்லை, சத்தமும் இல்லை, அந்த இதம் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று செண்பகம் ரசச்சோற்றைப் பிசைந்து என் வாய்க்கு நேரே கொண்டுவருகிறாள், நானே சாப்பிட்டுக்கிடுறேன், விடு என்கிறேன், இடக்கையால் சோற்றைத் தொட்டாலே முதுகில் அடி வாங்கி வளர்ந்தவன், அந்தக் கையால் அள்ளுவதை அவள் பார்ப்பாளே என்று கூசி, தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தேன், அதுவே வழக்கமாகிவிட்டது, சட்டைப் பொத்தானும் சவரமும் நானே, அவள் எழுந்து வரும்போதெல்லாம் வேண்டாம் என்றேன், பிறகு அவள் எழுந்து வருவதில்லை.

மவுத் ஆர்கனைப் பிடிப்பது எப்போதுமே இடக்கைதான், அதனால் சுலபம் என்று நினைத்திருந்தேன், சுரமெல்லாம் வரிசையாக வந்தன, வெயிலில் காய்ந்த துணிபோல விறைப்பாக வந்தன, எங்கள் கச்சேரியில் தபேலா வாசிக்கும் சேவியர் வந்து கேட்டுவிட்டு, பாட்டெல்லாம் சரியாத்தாம்டே இருக்கு, உப்புப் போடத்தான் மறந்துட்ட என்றான், நான் சிரித்தேன், அவன் தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு செருப்பைத் தேடினான். அந்த நடுக்கத்துக்காக டம்ளரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி அதற்குள் ஊதிப்பார்த்தேன், தேங்காய்ச் சிரட்டையை மவுத் ஆர்கனுக்குப் பின்னால் கட்டிப்பார்த்தேன், தொண்டையை நடுக்கிப்பார்த்தேன், ஆடு கத்துவது போல வந்தது, கடைசியில் சுவர் மூலை, மூலையோடு முகத்தை வைத்துத் தலையை அசைத்து அசைத்து ஊதினால் சுவர் கொஞ்சம் திருப்பித் தருகிறது, அப்படித்தான் சாப்பாடும் சுவரோடு, பாட்டும் சுவரோடு என்றானது.

இன்று சாயங்காலமும் மூலையில்தான் இருக்கிறேன், பின்னால் செண்பகத்தின் குரல், சங்கரன்கோவிலுக்குப் போறேன், அக்கா வீட்டுக்கு, குழம்பு மூடி வச்சிருக்கு. எப்ப வருவே என்று சுவரைப் பார்த்தே கேட்கிறேன். வரணுமான்னு அங்க போய் யோசிக்கணும், ஒரு வருசமா உங்க முதுகுக்குத்தான் சோறு போடுறேன், சுவத்துக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல, என் மூஞ்சி அவ்வளவு ஆகாமப் போச்சா.

திரும்புகிறேன். தோளில் பை, தலையில் பூ இல்லை, வாசல் வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருப்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை, உன் மூஞ்சி இல்ல செண்பகம், பீச்சாங்கையால திங்குறத நீ பாக்கக் கூடாதுன்னுதான் என்று நான் சொல்வது யாரோ சொல்வது போலக் கேட்கிறது. அட கிறுக்கு மனுசா, அதுக்கா, அத அன்னைக்கே சொல்றதுக்கு வாய் இல்லையா, இத்தன நாளும் ஊதுன வாய்தான என்கிறாள், பையை மட்டும் இறக்கவில்லை.

உன் கையக் கொஞ்சம் குடேன் என்கிறேன். எதுக்கு. வேணும்.

ஒரு வருடத்தில் நான் கேட்ட முதல் பொருள் அது, அவள் வந்து மண்டியிடுகிறாள், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு உருட்டிக் காய்த்த உள்ளங்கை, வெல்ல வாசம் விடாத கை, அதை மவுத் ஆர்கனுக்குப் பின்னால் குவித்து வைக்கிறேன், மூடித் திற என்கிறேன், அவள் அடுப்புக்கு விசிறுவது போலப் படபடவென்று அடிக்கிறாள், இப்படியா, மெதுவா, இப்படியா, இன்னும் மெதுவா, தாளத்துக்கு எப்போதும் ஒரு மூச்சு பின்தங்கியே வருகிறது அந்தக் கை, திருத்தப் போனவன் நிறுத்திக்கொள்கிறேன், என் மூச்சைத் தாமதப்படுத்தி அவள் கைக்காகக் காத்திருக்கிறேன், சுரம் தண்ணீருக்குள் போகிறது, போய் நெடுநேரம் கழித்து வேறெங்கோ எழுகிறது, நான் இதுவரை வாசித்திராத இடத்தில். சங்கரன்கோவில் பேருந்துக்கு நேரமாகிறது, பல்லவி, முதல் சரணம், இரண்டாவது சரணம், பாட்டு முடிஞ்சிருச்சே, எனக்கு இந்தப் பாட்டு தெரியும் என்கிறாள் செண்பகம், இல்ல, இன்னொரு சரணம் இருக்கு என்கிறேன், அப்படி ஒன்று இல்லை என்பது அவளுக்கும் தெரியும், பையைத் தோளிலிருந்து நழுவவிட்டு, அடுத்த சுரம் எதுவென்று தெரியாமலே கையை மூடுகிறாள்.