ஆராய்ச்சி ஆர்வம், ஆறு வரிக்குள்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் 'பம்ப்' என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரப் பொறியியல் படித்து, தண்ணீர் பம்ப் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, திடீரென்று உயிரிப் பொறியியல் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவள்.

அன்று காலை துறை எழுத்தர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"இணையதளத்துல உன் பக்கம் மட்டும் காலியா கெடக்கும்மா. என்ன படிச்சே, ஆராய்ச்சியில என்ன ஆர்வம், ஆறே வரி. மத்தியானத்துக்குள்ள குடுத்துடு."

படித்ததை எழுதிவிட்டாள். ஆர்வம்தான் இடித்தது. இதயத் தசைச் செல்களை மெல்லிய ஜெல் தகட்டில் வளர்த்து, மாரடைப்பில் இதயத் தசை செத்துப்போன இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். நான்கு மாதமாகச் செல்கள் உயிரோடு இருந்தனவே தவிர, ஒன்றுகூடத் துடிக்கவில்லை. போன வாரம் ஜெல்லை இன்னும் இளக்கிப் பார்த்திருந்தாள். பெரிதாக நம்பிக்கை இல்லை.

அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அக்கா வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர்; அன்று விடுப்பு. திரையில் அரைகுறையாக எழுதி வைத்திருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு எழவும் புரியல?"

"புரியலன்னாத்தான் மதிப்பு."

"சும்மா கதை விடாத. அந்தச் செல்லைக் காட்டு, பாப்போம்."

கோட்டு, கையுறை எல்லாம் மாட்டி, செல் தட்டு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து, அக்காவை அதன் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஏய், இது ஆடுதுடி."

"மேசையில கைய ஊனியிருப்பே. எடு."

"ரெண்டு கையும் மடியில இருக்கு! நீயே வந்து பாரேன்."

பம்ப் குனிந்தாள். ஓரமாக ஒரு கொத்துச் செல்கள் சுருங்கின, விரிந்தன, மறுபடி சுருங்கின. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு நாற்பது. அடுத்த நொடி அவள் அக்காவைக் கட்டிக்கொண்ட வேகத்தில், அக்கா உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலி சுவர்வரை ஓடியது.

சத்தம் கேட்டு வந்த பேராசிரியை நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"மத்த தட்டையும் எடு."

இரண்டாவதும் துடித்தது. மூன்றாவது சும்மா கிடந்தது.

"மூணுல ரெண்டு. இது குருட்டு அதிர்ஷ்டம் இல்ல பம்ப்" என்று சிரித்தார்.

மத்தியானம் எழுத்தர் வந்தபோது, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டியிருந்தாள்: 'செத்துப்போன இதயத் தசைக்கு ஒட்டுப் போடப் பார்க்கிறேன். இன்று முதல்முறையாகத் துடித்தது.'

"ரெண்டு வரிதானேம்மா இருக்கு?"

"மீதி நாலு வரியில என் பேரைப் போட்டுக்குங்க சார்" என்றாள் அக்கா. "மொதல்ல பாத்தது நான்தான்."

எழுத்தர் திருதிருவென்று விழித்தார். அவருக்கும் ஒரு கோட்டை மாட்டி உட்காரவைத்தார்கள்.